வயிற்றைச் சுருக்கின பிறகும் ஏன் பசிக்குது?

"இனி உங்களுக்குப் பசியே தெரியாது." உடம்பு மெலிவதற்காக வயிற்றைச் சுருக்கும் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். என் அக்காவுக்குச் சொன்னவர், அதே ஒப்பரேஷனை இரண்டு வருசத்துக்கு முதல் செய்துகொண்ட கல்முனைக்காரர். கொழும்பில் செய்து, நாலாம் நாள் வான் பிடித்து, இடையிடையே இறங்கி நடந்து, 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் பண்ணி ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தபோது அக்காவுக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. நோவும் ஓங்காளமும் இருக்கும்போது சாப்பாட்டை நினைக்கவே ஒருவருக்கும் மனம் வராதுதானே. பதினொராம் நாள் நோவு நன்றாகக் குறைந்து, வளவைச் சுற்றி நடமாடத் தொடங்கிய பிறகுதான் வந்தது கேள்வி: "எனக்குப் பசிக்கிது புள்ள. ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சோ?"

பிழைக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. எங்கள் இரண்டு பேர் வீடும் ஒரே வளவு, மட்டக்களப்பில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதனால் அந்த ஒன்றரை மாதம் இரவு பகலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன், கிளினிக்கில் டொக்டரையும் மிஸ்மாரையும் நச்சரித்துக் கேட்டேன், கையில் கிடைத்ததை வாசித்தேன். எனக்குப் பிடிபட்டது இதுதான்: அந்த நாட்களில் "பசிக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதி ஒளிந்திருக்கிறது. எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சாப்பாட்டைக் கொடுக்கப் போனால்தான் சிக்கல்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். அக்காவுக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கமாக முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போல நீட்டுக் குழாயாக விடுகிறார்கள். 100 முதல் 150 மில்லிலீற்றர் கொள்ளும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. வெட்டிப்போன பகுதியின் மேல்பக்கத்தில்தான் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா என்ற இருவரும் அவர்களுடைய குழுவும் கண்டுபிடித்தது. இரத்தத்தில் அது ஏறினால் மூளைக்குப் பசி என்று செய்தி போகும். அது சுரக்கிற இடத்தையே எடுத்துவிட்டால் பசி குறையும் என்பது சரிதான். குறையும். ஆனால் அடியோடு இல்லாமல் போகாது, ஏனென்றால் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் கொஞ்சம் சுரக்கிறது, அதைவிட மூளைக்குப் பசிச் செய்தி போக இது ஒன்று மட்டும் வழி இல்லை. 'பைபாஸ்' என்ற மற்ற வயிற்று ஒப்பரேஷனைச் செய்தவர்களுக்குக் கதை வேறு: அவர்களுக்கு இரைப்பையை எடுப்பதில்லை, மேலே 30 மில்லிலீற்றர் அளவுக்கு ஒரு சின்னப் பை பிரித்து அதைக் குடலோடு பொருத்துகிறார்கள். சாப்பாடு குடலுக்குச் சுருக்காகப் போவதால் ஜி.எல்.பி-1, பி.வை.வை போன்ற 'வயிறு நிறைந்தது' என்று சொல்லும் ஹோர்மோன்கள் கூடுகின்றன. (இப்போது மெலிய என்று எல்லாரும் கதைக்கிற ஊசி இருக்கிறதே, அதுவும் இந்த ஜி.எல்.பி-1 போல நடிக்கிற மருந்துதான்.) ஸ்லீவிலும் இந்த ஹோர்மோன்கள் கூடுவதுண்டு.

அப்படியென்றால் பதினொராம் நாள் ஏன் பசித்தது? இதை ஒருவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வயிறு நிறைந்தது என்ற உணர்வு வர, இரைப்பையின் சுவர் கொஞ்சம் விரிந்து, அந்த விரிவு கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும். தண்ணியும் சூப்பும் மோரும் நிற்காது. அந்தக் குழாயால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதுவும் ஸ்லீவ் செய்த வயிறு பழைய வயிற்றைவிடக் கெதியாகவே காலியாகிறது. ஆக, நோவு போய், உடம்பு தன் வேலைக்குத் திரும்புகிற இரண்டாம் கிழமையில் வாய்க்குள் போவது எல்லாம் தண்ணிச் சாப்பாடு, அதுவும் ஒரு நாளைக்கு வேண்டியதில் அரைவாசிக்கும் மிகக் குறைவு. பசிக்காவிட்டால்தான் புதினம். இந்தப் பசி உண்மையான பசி, இதற்கு வெட்கப்படத் தேவையில்லை, அது நிற்கிற நாளும் ஓரளவு தெரிந்த நாள்தான்: மசித்த சாப்பாடு தொடங்கும்போது. அக்காவின் தாளில் முதல் இரண்டு கிழமை நீராகாரம், மறுகா இரண்டு கிழமை மசித்தது, அதற்கடுத்த இரண்டு கிழமை மெதுவானது என்று இருந்தது. டொக்டருக்கு டொக்டர் இது கொஞ்சம் மாறும், உங்கள் தாளில் உள்ளதே உங்களுக்கு.

அந்தத் தாளைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பில் அந்த ஆஸ்பத்திரி தந்தது முழுக்க இங்கிலீசு. அப்பிள் சோஸ், கொட்டேஜ் சீஸ், ஜெலி. ஆரையம்பதிச் சந்தையில் கொட்டேஜ் சீஸ் கேட்டால் சிரிப்பார்கள். நான் ஒரு நாள் முழுக்க இருந்து அதை எங்கள் குசினிக்கு மாற்றி எழுதினேன். அந்த ஒரு நாளைப் போல வேறு எதுவும் உதவவில்லை என்றே சொல்வேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் வருத்தக்காரருக்கு என்றால் கஞ்சிதான். அரிசிக் கஞ்சி, இலைக் கஞ்சி, குரக்கன் கஞ்சி. குடித்த உடனே வயிறு குளிர்ந்தது போல இருக்கும், முக்கால் மணித்தியாலத்தில் திரும்பவும் சுரண்டும். கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து, ஒரு கோப்பையில் புரதம் இரண்டு மூன்று கிராம் வந்தால் பெரிது. இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குத் தேடச் சொல்வது 60 முதல் 80 கிராம் புரதம். பருப்பு அவித்து வடித்த தண்ணியில் சத்து எல்லாம் இறங்கிவிடும் என்று அம்மா சாதித்தார், அதுவும் இல்லை; பருப்பு சட்டிக்குள் இருக்க, தண்ணி மட்டும்தான் அக்காவுக்குப் போனது. நாங்கள் செய்தது: பாலுக்குள் கொழுப்பு நீக்கிய பால்மா ஒரு மேசைக்கரண்டி கூடப் போட்டுக் கரைப்பது, ஒரு கரண்டிக்கு இரண்டரை கிராம் அளவு கூடும், எருமைத் தயிரை ஆடை எடுத்துவிட்டு, கட்டி இல்லாமல் அடித்து மோராக்குவது, கோழி சூப்பை வடிகட்டி அதற்குள் கிளினிக்கில் சொன்ன புரத மாவைக் கலப்பது. புரதம் பசியை அடக்கும் நேரம் மாச்சத்தைவிடக் கூட. தண்ணியாக இருந்தாலும் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது எரிவு. அக்காவுக்கு இரவு இரண்டு மணிக்கு வருகிற பசி இதுதான் என்று கண்டுபிடிக்க நாலு நாள் எடுத்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே கவ்விப் பிடிக்கும், வெறுவயிறு காய்கிற மாதிரியே இருக்கும், ஒரு வாய் பால் குடித்தால் அடங்கும், அரை மணியில் திரும்ப வரும். அது அமிலம். சின்னதாகிப் போன வயிற்றுக்குள் அமிலம் இன்னும் சுரக்கிறது, ஸ்லீவில் உள்ளே அழுத்தமும் கூட, படுத்தால் மேலே ஏறும். அதனால்தான் மாதக்கணக்கில் ஒமெப்பிரசோல் போன்ற குளிசை எழுதிக் கொடுக்கிறார்கள். அது வேலை செய்ய, காலையில் எதுவும் குடிப்பதற்கு அரை மணித்தியாலம் முதல் போட வேண்டும். அக்கா என்ன செய்தார்? "வெறும் வயித்தில குளிசை போட்டா வயிறு எரியும்" என்று பழைய நினைப்பில் பால் குடித்த பிறகு போட்டுக்கொண்டிருந்தார். நேரத்தை மாற்றி, தலைப்பக்கம் கட்டில் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்த மூன்றாம் நாள் அந்த இரண்டு மணிப் பசி போய்விட்டது. இதோடு சேர்த்து ஒன்று: முதுகு நோகுது, தலை இடிக்குது என்று பாமசியில் டைக்ளோபெனக்கோ இபுபுரூபனோ வாங்கிப் போட்டுவிடாதீர்கள், வெட்டித் தைத்த வயிற்றில் புண் வரும். பரசிட்டமோல் போதும், அதையும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டே.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு பசி இருக்கிறது. இது கொஞ்சம் ஆபத்தான ஆள். திடீரென்று வரும், கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், "ஏதாவது தா, இப்பவே தா" என்று ஒரு அவசரம். இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு உடம்பு மெலிவதற்கு முதலே, சில நாட்களுக்குள்ளேயே இரத்தத்தில் சீனி இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிக்ளசைட்டோ போட்டுக்கொண்டிருந்தால் சீனி தேவைக்கு மேல் விழுந்துவிடும். அப்படி வந்தால் யோசித்துக்கொண்டு இருக்காமல் மெசினில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் அந்த நேரம் சீனித் தண்ணிதான் மருந்து, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துச் சின்னச் சின்ன மிடறாக. அதற்குப் பிறகு டொக்டருக்குச் சொல்லி மருந்தின் அளவைக் குறைப்பிக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே அடுத்த எச்சரிக்கையும்: சீனி விழாத நேரத்தில் இனிப்பைக் குடித்து நீங்களே விழுத்திக்கொள்ளவும் முடியும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது கூட, ஸ்லீவிலும் உண்டு. நெஸ்டமோல்ட் நல்ல இனிப்பாகக் கரைத்துக் குடித்தால் சிலருக்கு அரை மணிக்குள் வயிறு பிரட்டி, வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் சீனி சடாரென்று இறங்கி முதல் இருந்ததைவிடப் பெரிய பசி வரும். வருத்தம் பார்க்க வருகிறவர்கள் என்ன கொண்டு வருவார்கள்? நெஸ்டமோல்ட், குளுக்கோஸ் பக்கெட், மரி பிஸ்கட். எங்கள் வீட்டு அலுமாரி பத்து நாளில் ஒரு சின்னக் கடையாகிவிட்டது.

தாகத்தைப் பசி என்று நினைப்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றராவது குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடிக்க ஏலாது, வலிக்கும். பாணி மருந்துப் போத்தலோடு வரும் சின்னக் கப், அது 30 மில்லிலீற்றர். ஒரு கப்பைக் கால் மணித்தியாலமாக உறிஞ்சினால் 50 கப்புக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம். அதாவது விழித்திருக்கும் நேரம் முழுக்கக் குடிப்பதே வேலை. அக்கா வந்தது வைகாசி, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து இங்கே இறங்குகிற கச்சான் காற்றுக் காலம். மத்தியானம் கூரைத் தகடு கொதிக்கும், உதடு வெடிக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வந்த 'பசி'களில் அரைவாசி இரண்டு கப் தண்ணியோடு போனது, அதை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால், எழும்பும்போது தலை சுற்றினால் உடம்பு காய்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நோன்பு பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பாதிப் பதில் இருக்கிறது: இங்கே பகல் நோன்பு பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல், தொடக்க மாதங்களில் அந்தத் தண்ணியை இரவுக்குள் அடக்கவே முடியாது. நோன்பும் கந்தசஷ்டியும் எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று உங்கள் டொக்டரிடம் முதலே கேட்டு வையுங்கள்.

இனி வாய்க்கும் மனத்துக்கும் வருகிற பசி. என் கணக்கில் பெரியது இதுதான், எங்கள் ஊரில் கடினமானதும் இதுதான்.

இரண்டு கிழமையாகப் பல்லுக்கு வேலை இல்லை. வயிற்றில் நோவும் இல்லை, எரிவும் இல்லை, தண்ணியும் குடித்தாயிற்று, ஆனாலும் எதையாவது கடிக்க வேண்டும் போல, உறைப்பாக, மொறுமொறு என்று. இது பேராசை இல்லை. 1944-45இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்தோடு ஆறு மாதம் அரைச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். போரால் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய. அந்தப் பொடியன்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார்கள், சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், கனவிலும் சாப்பாடுதான். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. அக்காவுக்கு அப்போது அதில் பாதியும் வராது. அவர் ஃபோனில் இறால் வடை பொரிக்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் முதலில் பகிடி பண்ணினேன், இதை வாசித்த பிறகு பண்ணவில்லை.

அதற்கு மேலே எங்கள் வீடு. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் சமைக்க வேண்டும் என்று எட்டாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டார். சமைக்கிற பொம்பிளைக்கு உப்புப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அது கை தானாகச் செய்கிற வேலை: அகப்பையை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, மறுபடியும் ஒரு சொட்டு. சொட்டு பரவாயில்லை. பத்தாம் நாள் அந்த அகப்பையில் ஒரு இறால் துண்டு இருந்தது, கண்டும் காணாமலும் வாய்க்குள் போனது. பத்து நிமிசத்தில் நடு நெஞ்சில் கல் வைத்தது போல நோவு, எச்சில் ஊறி ஊறிக் கடைசியில் சத்தி. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். ஆறாத தையலுக்கு உள்ளே கெட்டிச் சாப்பாடு போய் அழுத்தினால் கசிவு வரலாம். அதற்குப் பிறகு சமையல் என் வீட்டு அடுப்பில், உப்புப் பார்ப்பது நான். மீன் பொரிக்கும் வாசம் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். வீட்டில் மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி என்று கேட்டால், அறிவுரையைவிட இதுதான்.

வாய்ப் பசிக்கு எங்களுக்குக் கைகொடுத்தது உப்பும் சூடும். வெந்நீரில் அரைத் தேக்கரண்டி மார்மைட், அல்லது உறைப்பில்லாமல் வைத்து வடித்த ரசம், மிளகு கொஞ்சமாக. இனிப்பு ஒன்றையும் தொடாமல் வாய்க்கு ஒரு சுவை வந்துவிடும். (பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) இன்னொன்று, இந்தப் பசி கால் மணித்தியாலம் இருபது நிமிசம் ஏறி, பிறகு தானே இறங்குகிறது, வயிற்றுப் பசி அப்படி இறங்காது. அதனால் அக்கா பசி என்றால் முதலில் தண்ணிக் கப், அதோடு வேலிக்கரை வரைக்கும் இரண்டு தரம் நடை. நடந்து வந்த பிறகும் பசித்தால் அது சாப்பாட்டுப் பசி, கொடுத்துவிடுவேன்.

ஊர் வாயை என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் சரியான மருந்து இல்லை. காணுகிற ஆள் எல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற ஊர் இது. காத்தான்குடியில் இருந்து அக்காவின் பழைய சிநேகிதி, நாங்கள் ராத்தா என்போம், ஒரு சட்டி வட்டிலாப்பத்தோடு வந்து "ரெண்டு கரண்டியாச்சும் தின்னுங்க புள்ள, மெலிஞ்சு போயிட்டீங்க" என்று கண் கலங்கினார். மெலியத்தானே செய்தது! கண்ணகி அம்மன் கோயில் குளுத்திச் சடங்கு முடிந்து புக்கை (பொங்கல்) வந்தது, அம்மனுடையதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு என் கையில் தந்தார். வருகிறவர்களிடம் 'வயிற்றில் தையல் இருக்கு, டொக்டர் தண்ணி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்' என்று முந்திக்கொண்டு சொல்வது ஓரளவு வேலை செய்தது. டயட் என்றால் வற்புறுத்துவார்கள், தையல் என்றால் விடுவார்கள்.

இந்தப் பசிகள் எதிலும் சேராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொழும்பு டொக்டர் 300 கிலோமீற்றருக்கு அப்பால். வயிற்று நோவு குறையாமல் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல் அடித்தால், இடது தோள் நோந்தால், மூச்சு வாங்கினால், ஒற்றைக் கால் வீங்கினால், குடிக்கிற தண்ணியும் நிற்காமல் சத்தி எடுத்தால் கால் மணி பார்ப்போம், நடந்து பார்ப்போம் என்பதெல்லாம் கிடையாது. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டயக்னோசிஸ் கார்ட்டை (ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தரும் அட்டை) கையோடு கொண்டு போய் என்ன ஒப்பரேஷன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். நாட்கணக்கில் சத்தி எடுப்பவர்களுக்கு தயமின் என்ற விற்றமின் குறைந்து நடை தள்ளாடுவதும் பார்வை இரட்டையாகத் தெரிவதும் உண்டு, விற்றமின் குளிசையை 'இப்ப என்ன அவசரம்' என்று விட்டுவிடக் கூடாது.

பதினைந்தாம் நாள் மசித்த சாப்பாடு. விடியவே மீன்காரரிடம் ஒரு சின்னப் பாரை வாங்கி, ஆவியில் அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சொதி விட்டுக் கூழாக மசித்து, பிள்ளைகளின் பீங்கானில் வைத்துக் கொடுத்தேன். தேக்கரண்டிதான், ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், பக்கத்தில் தண்ணி கிடையாது, குடிப்பதென்றால் முடிந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு. முதல் கரண்டியை வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு. மூன்று. நாலாவதில் ஒரு விக்கல் வந்தது, மூக்கால் தண்ணி வடிந்தது. வயிறு நிறைந்ததற்கு இனி இப்படித்தான் அடையாளம் காட்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அக்கா பீங்கானைத் தள்ளி வைத்தார்.

"காணும் புள்ள. மிச்சத்த மறுகா பாப்பம்."

பதினைந்து நாளில் முதல் தரம் அந்தச் சொல்லைக் கேட்டேன். மிச்சத்தைப் பூனை பார்த்துக்கொண்டது.